பிராட்லா சத்தியம் செய்ய மறுக்கவில்லை, சபைதான் விடவில்லை

“கடவுள் பெயரில் சத்தியம் செய்ய மறுத்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட பிரிட்டிஷ் எம்.பி. சார்லஸ் பிராட்லா பற்றி விரிவாகச் சொல்லுங்கள். அவருடைய இறுதிச் சடங்குக்குக் காந்தி போனாராமே, உண்மையா?” என்பது கேள்வி.

காந்தி போனது உண்மை. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் கேள்வியின் முதல் பாதியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பிராட்லா சத்தியம் செய்ய ஒருநாளும் மறுக்கவில்லை. “செய்கிறேன், விடுங்கள்” என்று ஏறக்குறைய ஆறு வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை வாசலில் நின்றார். “உன்னை விடமாட்டோம்” என்றது சபை. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அவர் எதற்காக அவ்வளவு அடிபட்டார் என்பது அதற்குள்தான் இருக்கிறது. சட்டம் படித்த நாட்களில் ‘பிராட்லா எதிர் காசெட்’ என்ற வழக்கை இரண்டு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோனவன் நான். பிறகு அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தேடிப் படிக்கத் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1833 செப்டம்பர் 26 அன்று கிழக்கு லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறந்தார். அப்பா ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. 11 வயதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அப்பா வேலை பார்த்த அலுவலகத்திலேயே எடுபிடிப் பையன், அப்புறம் ஒரு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கு வேலை. பையன் பக்திமான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தான். லண்டன் பிஷப் திடப்படுத்தல் ஆராதனைக்கு வரப்போகிறார், தயாராக இரு என்றார் பாதிரியார் ஜான் பாக்கர். பையன் அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டான். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விசுவாச விதிகளை ஒரு பக்கமும் நான்கு சுவிசேஷங்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டுப் படித்தான். சில இடங்கள் ஒத்துப்போகவில்லை. விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினான்.

விளக்கம் வரவில்லை. “உங்கள் மகன் நாத்திகனாகிவிட்டான்” என்று அப்பாவுக்குத்தான் கடிதம் போயிற்று. வேதபாட வகுப்பிலிருந்து அவனை விலக்கிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியாத பையன், பானர்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற திறந்த வெளியில் நாத்திகர்களும் தொழிலாளர்களும் நின்று வாதாடும் கூட்டங்களைக் கேட்கப் போனான். முதலில் அவன் பேசியது கிறிஸ்தவத்தின் பக்கம்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறுபக்கம் போய்ச் சேர்ந்தான். கடைசியில் “மூன்று நாள் அவகாசம், எண்ணத்தை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் வேலை போய்விடும்” என்று கெடு வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டை விட்டு வெளியேறினான். அப்போது அவனுக்கு ஏறக்குறைய பதினாறு வயது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வருடக்கணக்கில் சிறையில் கிடந்த ரிச்சர்ட் கார்லைல் என்பவரின் துணைவி எலைசா ஷார்ப்பிள்ஸ், தன் பிள்ளைகளோடு பிள்ளையாக அவனுக்கு இடம் கொடுத்தார்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நாடாளுமன்றத்தில் நடந்தது இதே கதைதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்டவனை வெளியே தள்ளுவது.

சோற்றுக்கு வழியில்லாமல் 1850இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 7ஆம் டிராகூன் கார்ட்ஸ் குதிரைப்படையில் அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் சாராயம் குடிக்கும்போது இவர் தேநீரும் புத்தகமுமாக உட்கார்ந்திருந்ததால், சக சிப்பாய்கள் வைத்த பெயர் ‘இலை’. ஆங்கிலத்தில் தேயிலைக்கும் புத்தக ஏட்டுக்கும் அதே சொல்தான். அயர்லாந்தில் குத்தகை பாக்கிக்காக ஏழைக் குடியானவர்களின் குடிசைகளை இடிக்கும்போது காவலுக்கு நிற்பதும் சிப்பாய்களின் வேலை. சாகக் கிடக்கும் கணவன் உயிர் போகும்வரையாவது கூரையை விட்டுவைக்கும்படி ஒரு பெண் மண்டியிட்டுக் கெஞ்சியதையும், அவள் கெஞ்சல் பலிக்காமல் அவன் வெளியே கிடந்து செத்ததையும் பிராட்லா பல வருடம் கழித்து மேடையில் சொல்லியிருக்கிறார். அயர்லாந்து மக்களின் பக்கம் அவர் கடைசிவரை நின்றதற்கு வேர் அங்கே இருக்கிறது.

பாட்டி முறையில் ஒரு உறவினர் விட்டுப்போன சிறு தொகையைக் கட்டி 1853இல் பட்டாளத்திலிருந்து விடுபட்டார். பகலில் வக்கீல் குமாஸ்தா. மாலையில் ‘விக்கிரகங்களை உடைப்பவன்’ என்று பொருள்படும் புனைபெயரில் மேடைப் பேச்சாளர். கையில் வக்கீல் பட்டம் கிடையாது. ஆனாலும் பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய பெரிய பாரிஸ்டர்களுக்கு எதிராகத் தன் வழக்குகளைத் தானே நடத்தி, அவற்றில் பலவற்றில் ஜெயித்தார். அந்தச் சட்ட ஞானமெல்லாம் குமாஸ்தா மேசையில் கற்றது.

1860இல் ‘நேஷனல் ரிஃபார்மர்’ பத்திரிகை, 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கம். பத்திரிகை நடத்த ஜாமீன் தொகை கட்ட வேண்டும் என்று ஒரு பழைய சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து அரசு அவர்மேல் வழக்குப் போட்டது. ‘மாட்சிமை தங்கிய மகாராணியின் அரசை மீறி அச்சிடப்பட்டது’ என்று பத்திரிகையின் முகப்பிலேயே போட்டுவிட்டு நீதிமன்றம் போனார். 1869இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. நம் ஊரில் 1910 அச்சகச் சட்டம் பத்திரிகைகளின் கழுத்தை நெரித்ததும் இதே ஜாமீன் தொகையால்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய வெற்றி என்று புரியும். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நாத்திகர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவே முடியாத நிலை இருந்தது, ஏனென்றால் அவர்களுடைய சத்தியம் சத்தியமாகாது. அதனாலேயே பிராட்லா தனக்கு வரவேண்டிய பணத்துக்கான வழக்கில் சிக்கலுக்கு உள்ளானார். அந்த இழுபறியிலிருந்து 1869, 1870 சாட்சியச் சட்டத் திருத்தங்கள் வந்தன: கடவுள் பெயரைச் சொல்லாமல் ‘உறுதி கூறி’ சாட்சி சொல்லலாம். இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் வேண்டியிருக்கும்.

அவரைப் பற்றி ஒரு பொய்க் கதை இங்கிலாந்து முழுக்கச் சுற்றியது. மேடையில் கடிகாரத்தை எடுத்து வைத்து, “கடவுள் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் என்னைச் சாகடிக்கட்டும்” என்று சவால் விட்டார் என்று. அப்படி அவர் செய்ததே இல்லை. இதைப் பரப்பியவர்கள்மேல் வழக்குப் போடும் அளவுக்கு அது அவரை வதைத்தது. இன்றும் இதே கதையை வேறு வேறு நாத்திகத் தலைவர்களின் பெயரில் கேட்கிறோம்.

1874இல் அன்னி பெசன்ட் அவருடைய சங்கத்தில் சேர்ந்தார். பாதிரியாரான கணவரைப் பிரிந்து, கையில் சின்ன மகளோடு வந்தவர். 1877இல் இருவரும் சேர்ந்து, குடும்பக் கட்டுப்பாடு பற்றி அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் எழுதிய சிறு நூலை மறுபதிப்புச் செய்தார்கள். ஏழைக் குடும்பங்களில் பிள்ளை பெற்றே பெண்கள் சாகிறார்கள், இந்த அறிவு அவர்களுக்குக் கிடைக்கக் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. ஆபாச நூல் என்று வழக்கு. இருவருக்கும் ஆறு மாதச் சிறை, 200 பவுன் அபராதம். மேல்முறையீட்டில் குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு குறையால் தண்டனை ரத்தாயிற்று. ஆனால் பெசன்ட் தன் மகளை வைத்துக்கொள்ளும் உரிமையை இழந்தார். வழக்கின் விலையை அதிகமாகக் கொடுத்தவர் அவர்தான். அதே பெசன்ட் 1889இல் தியாசபி என்ற பிரம்மஞான இயக்கத்தின் பக்கம் போனது பிராட்லாவுக்குப் பெரிய அடி. அதைப் பற்றி வெளியில் கசப்பாகப் பேசாமல் நட்பைக் காப்பாற்றிக்கொண்டார். பிராட்லா இறந்த பிறகு, 1893 நவம்பரில் பெசன்ட் தூத்துக்குடியில் வந்து இறங்கியதும் அடையாறில் தங்கியதும் நமக்குத் தெரிந்த கதை.

பெசன்ட் வருவதற்குப் பல வருடம் முன்பே பிராட்லாவின் பெயர் சென்னைக்கு வந்துவிட்டது. 1878 வாக்கில் இங்கே உருவான சென்னை லௌகிக சங்கத்தார் அவருடைய சங்கத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டவர்கள். ஆங்கிலத்தில் ‘திங்கர்’, தமிழில் ‘தத்துவ விவேசினி’ என்று இதழ்கள் நடத்தினார்கள். தமிழ்நாட்டுப் பகுத்தறிவு இயக்கத்தின் வரலாற்றைச் சுயமரியாதை இயக்கத்திலிருந்து மட்டும் தொடங்குகிறவர்கள் இந்த இதழ்களைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இனி நார்த்தாம்ப்டன். செருப்பும் பூட்சும் தைக்கும் தொழிலாளர்களின் ஊர். தைத்துக்கொண்டே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் விவாதிக்கும் கூட்டம் அது. 1868இல் பிராட்லா அங்கே நின்று தோற்றார். 1874இல் இரண்டு தேர்தல், இரண்டிலும் தோல்வி. 1880 ஏப்ரலில் ஜெயித்தார். இரண்டு உறுப்பினர் தொகுதி அது. இன்னொரு இடத்துக்கு வந்தவர் ஹென்றி லபூஷேர்.

மே 3 அன்று சபைக்குப் போன பிராட்லா, உறுப்பினராக உட்காரும் முன் கடவுள் பெயரில் செய்ய வேண்டிய சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். சத்தியம் செய்வதையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் 1833 முதல் அப்படித்தான் உறுதி கூறிச் சபையில் உட்கார்ந்து வந்தார்கள். நாத்திகர்களுக்கு நீதிமன்றத்தில் அந்த உரிமையை 1869, 1870 திருத்தங்கள் கொடுத்துவிட்டன. அது சபைக்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். சட்டப்படி நல்ல வாதம்தான். சபாநாயகர் பிராண்ட் தானே முடிவு சொல்லாமல் சபையிடம் தள்ளிவிட்டார். சபை ஒரு குழுவிடம் தள்ளியது. குழு ஒரே ஒரு வாக்கில் முடியாது என்றது.

“அப்படியானால் எல்லோரையும் போலச் சத்தியமே செய்துவிடுகிறேன்” என்றார் பிராட்லா. இங்கேதான் அவர் ஒரு தவறு செய்தார் என்று நான் நினைக்கிறேன். சும்மா போய்ச் சத்தியம் செய்திருக்கலாம். முன்கூட்டியே பத்திரிகைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: அந்தச் சத்தியத்தில் உள்ள சில சொற்கள் எனக்கு அர்த்தமற்றவை, ஆனாலும் அது என் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும், வாக்காளர்கள் கொடுத்த கடமைக்காகச் செய்கிறேன் என்று. நேர்மையான கடிதம். ஆனால் எதிரிகளுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. மே 21 அன்று அவர் மேசையை நோக்கி நடந்தபோது டிரம்மண்ட் வுல்ஃப் எழுந்து தடுத்தார்: இவர் வாயால் சொல்லும் சத்தியம் சத்தியமே ஆகாது என்று. ராண்டால்ஃப் சர்ச்சில் (வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா) முடியாட்சியைச் சாடி பிராட்லா எழுதிய சிறு நூலைத் தரையில் வீசி மிதித்தார். இவர்கள் கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைய கோஷ்டி. பக்தி அவர்களை உந்தியது என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பிரதமர் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சியைப் பிளக்க அவர்களுக்கு ஒரு ஆப்பு தேவைப்பட்டது.

ஜூன் 22 அன்று 275க்கு 230 என்ற கணக்கில் சபை அவருக்கு இரண்டு வழியையும் மூடியது. உறுதிமொழியும் கூடாது, சத்தியமும் கூடாது. மறுநாள் பிராட்லா வந்து, உறுப்பினரல்லாதவர் தாண்டக் கூடாத எல்லைக் கோட்டில் நின்று பேசினார். அவர் கேட்டதன் சாரம் இது: நான் தகுதியற்றவன் என்றால் என் இடம் காலி என்று அறிவியுங்கள், என் தொகுதி மறுபடி முடிவு செய்யட்டும்; இடம் காலியில்லை என்றால் என்னை உட்கார விடுங்கள். இரண்டும் செய்யாமல் ஒரு ஊரையே குரலற்றதாக்க உங்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது? வெளியேறச் சொன்னார்கள். அந்த உத்தரவு சட்டவிரோதம் என்று சொல்லி அவர் நகரவில்லை. சபைக் காவலர் தோளில் கை வைத்தார். நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டில், நாம் பிக் பென் என்று சொல்கிற அதே கோபுரத்தில், உறுப்பினர்களை அடைக்க ஒரு அறை இருந்தது. அங்கே கொண்டுபோனார்கள். நீங்கள் கேட்ட ‘சிறை’ இதுதான். ஒரே ஒரு இரவு. அவரை உள்ளே வைத்திருப்பது வெளியே விடுவதைவிட ஆபத்து என்று புரிந்து மறுநாளே விட்டுவிட்டார்கள். அந்த அறையில் அடைக்கப்பட்ட கடைசி எம்.பி. அவர்தான்.

ஜூலையில் கிளாட்ஸ்டன் ஒரு சமரசம் கொண்டுவந்தார். உறுதி கூறி உட்காரட்டும், ஆனால் சட்டப்படி அது தவறானால் விளைவு அவரைச் சேரும். பிராட்லா உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கினார். முதல் வாக்கைப் போட்ட உடனேயே கிளார்க் என்ற ஒரு ஆள் வழக்குத் தொடுத்தார். சட்டப்படி சத்தியம் செய்யாமல் வாக்களித்த உறுப்பினருக்கு ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் அபராதம், வழக்குப் போட்டவருக்கு அந்தப் பணம் என்பது அன்றைய விதி. கிளார்க்கின் பின்னால் பணத்தோடு நின்றவர் நியூடிகேட் என்ற இன்னொரு எம்.பி. 1881 மார்ச்சில் நீதிமன்றம் பிராட்லாவுக்கு எதிராகச் சொன்னது. இடம் காலி. இடைத்தேர்தல். நார்த்தாம்ப்டன் 132 வாக்கு வித்தியாசத்தில் அவரையே திருப்பி அனுப்பியது. சபை மறுபடி கதவைச் சாத்தியது.

1881 ஆகஸ்ட் 3 அன்று நடந்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பிராட்லா ஆறடிக்கு மேல் உயரம், பழைய குதிரைப்படை வீரரின் உடம்பு. அன்று அவர் தனியாக சபை மண்டபத்தின் கதவருகே வந்து உள்ளே போக முயன்றார். ஏவலர்களும் போலீசாரும் சேர்ந்து பிடித்தார்கள். படிக்கட்டு வழியே இழுத்துத் தள்ளிக்கொண்டு போனதில் கோட்டு கிழிந்தது. முற்றத்தில் கொண்டுவந்து விட்டபோது முகம் வெளுத்து மூச்சு வாங்கியபடி நின்றார். கையில் பட்ட காயம் ஆற நாளாயிற்று. நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த அவருடைய ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே நின்றார்கள். பக்கத்தில் நின்ற போலீஸ் அதிகாரி டென்னிங்கிடம், “இவர்களை வெல்லும் பலத்தோடு என்னால் திரும்பி வர முடியும்” என்றார். எப்போது என்று அதிகாரி கேட்க, “கையை உயர்த்தினால் ஒரு நிமிடத்தில்” என்றார். கையை உயர்த்தவில்லை. தன்னை நம்பி வந்த கூட்டம் அடிபடக் கூடாது என்று கிழிந்த கோட்டோடு நின்றார். அவருடைய நாத்திகத்தை ஏற்காதவர்கள்கூட இந்த இடத்தில் அவரை மதிக்காமல் இருக்க முடியாது.

1882 பிப்ரவரி 21 அன்று அவர் செய்தது இன்னும் துணிச்சல். யாரும் எதிர்பாராத நேரத்தில் நேராகச் சபையின் மேசைக்கு நடந்துபோய், பையிலிருந்து தானே கொண்டுவந்த புதிய ஏற்பாட்டை எடுத்து, சத்தியத்தைத் தானே படித்து, தானே கையெழுத்துப் போட்டார். நீக்கினார்கள். நார்த்தாம்ப்டன் மறுபடி 108 வாக்கில் அனுப்பியது. 1884இல் இன்னொரு தடவை தானே சத்தியம் செய்தார், இன்னொரு இடைத்தேர்தல், இந்தத் தடவை வித்தியாசம் 368. ஒவ்வொரு தேர்தலிலும் செருப்புத் தைக்கிறவர்களின் ஊர், சபைக்கு அதே பதிலைச் சொன்னது. இந்தக் கதையின் நாயகன் பிராட்லா ஒருவர் மட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாக்காளர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. அவர்களில் நாத்திகர்கள் குறைவு. சர்ச்சுக்கும் சிற்றாலயத்துக்கும் போகிறவர்கள்தான் அவருக்கு வாக்குப் போட்டார்கள்.

சபைக் காவலர் தலைவர் காசெட்மேல் அவர் போட்ட வழக்குதான் நாங்கள் கல்லூரியில் படித்தது. 1884இல் தீர்ப்பு வந்தது: சபைக்குள் நடப்பதை நீதிமன்றம் விசாரிக்காது. தீர்ப்பு எழுதிய நீதிபதிகளில் ஒருவர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவரே. சட்டமன்ற உரிமைகள் பற்றி நம் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதங்களில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. பிராட்லா தோற்ற வழக்கு அவர் ஜெயித்த வழக்குகளைவிட நீண்ட நாள் வாழ்கிறது. கிளார்க்கின் வழக்கில் மட்டும் 1883இல் கடைசி மேல்முறையீட்டில் ஜெயித்தார். இல்லாவிட்டால் அபராதத்திலேயே ஓட்டாண்டியாகியிருப்பார்.

அதே 1883இல் கிளாட்ஸ்டன் யார் வேண்டுமானாலும் உறுதிமொழி கூறலாம் என்று மசோதா கொண்டுவந்தார். கிளாட்ஸ்டன் அழுத்தமான கிறிஸ்தவர், பிராட்லாவின் கருத்துகளை அருவருத்தவர். அவர் அன்று பேசியது அவருடைய ஆகச் சிறந்த உரைகளில் ஒன்று. மனிதர்களைப் பற்றிக் கவலையே படாத தேவர்கள் என்று பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பாடிய லத்தீன் வரிகளைச் சபையில் சொல்லி, அப்படிப்பட்ட கடவுளை நம்புகிறவன்கூட இன்றைய சத்தியத்தைச் செய்துவிடலாமே, பிறகு இது எதைக் காக்கிறது என்று கேட்டார். மசோதா 292க்கு 289, மூன்று வாக்கில் தோற்றது. அயர்லாந்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய தலைவர் பார்னெல் பிராட்லாவுக்காகப் பேசியவர்தான். கத்தோலிக்க ஆயர்களின் அழுத்தம் அவர் கட்சியை மறுபக்கம் கொண்டுபோனது. தன் இளமையில் இடிந்த குடிசைகளைப் பார்த்து அயர்லாந்துக்காகக் குரல் கொடுத்த மனிதருக்கு இது எப்படி வலித்திருக்கும்! ஆனாலும் அயர்லாந்து சுயாட்சிக்கான தன் ஆதரவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

முடிவு வந்த விதத்தைப் பாருங்கள். 1885 பொதுத்தேர்தலில் மறுபடி ஜெயித்தார். 1886 ஜனவரி 13 அன்று புதிய நாடாளுமன்றம் கூடியது. பிராண்டுக்குப் பிறகு சபாநாயகராக வந்திருந்தவர் ஆர்தர் பீல். எதிர்ப்பவர்கள் எழுந்தார்கள். பீல் அவர்களை உட்காரச் சொன்னார்: உறுப்பினர் ஒருவர் சட்டம் கேட்கும் சத்தியத்தைச் செய்ய முன்வரும்போது குறுக்கே வர எனக்கும் உரிமையில்லை, சபைக்கும் உரிமையில்லை. பிராட்லா மற்றவர்களோடு வந்து சத்தியம் செய்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். 1880க்கும் 1886க்கும் நடுவில் சத்தியச் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நாற்காலியில் இருந்தவர் மாறினார். பீல் சொன்ன அந்த நாலு வார்த்தையை பிராண்ட் முதல் நாளே சொல்லியிருந்தால் மணிக்கூண்டும் இல்லை, கிழிந்த கோட்டும் இல்லை.

உட்கார்ந்த பிறகு அவருக்குக் கிடைத்தது ஐந்து வருடம். தொழிலாளிக்குக் கூலியைப் பணமாகக் கொடுக்காமல் முதலாளியின் கடைச் சரக்காகக் கொடுக்கும் வழக்கத்துக்கு எதிரான 1887 திருத்தச் சட்டம் அவர் முயற்சி. எப்போதோ ஒரு முன்னோர் செய்த சேவைக்காகப் பிரபுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாங்கிவந்த நிரந்தர ஓய்வூதியங்களை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 1888இல் அவர் கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று: சத்தியம் தேவைப்படும் எந்த இடத்திலும், நாடாளுமன்றம் உட்பட, உறுதிமொழி போதும். நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் இந்த இரண்டு வழியும் இருக்கின்றன. 1967இல் அண்ணாவின் அமைச்சரவை ‘உளமார’ உறுதி கூறியபோது யாரும் அவர்களைப் படிக்கட்டில் இழுத்துத் தள்ளவில்லை.

எல்லாவற்றிலும் அவரை ஏற்றுக்கொள்ள முடியாது. சோஷலிசத்தைக் கடுமையாக எதிர்த்தார். எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்குவதையும் எதிர்த்தார், அது தொழிலாளி தன் சங்க பலத்தால் பெற வேண்டியது என்று. அந்த விஷயத்தில் காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது, இளைய தொழிலாளர்கள் அவரை விட்டு விலகியதும் நியாயம்தான்.

இந்தியா விஷயத்துக்கு வருகிறேன். கண்பார்வையற்ற பொருளாதார அறிஞர் ஹென்றி ஃபாசெட்டை ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்பார்கள். அவர் 1884இல் இறந்த பிறகு அந்தப் பெயர் பிராட்லாவுக்கு வந்தது. இந்தியா பற்றிய விவாதம் என்றாலே எழுந்து போய்விடும் உறுப்பினர்கள் நிறைந்த சபை அது. இவர் கேள்விமேல் கேள்வி போட்டார், மனுக்களைத் தாக்கல் செய்தார். காஷ்மீர் மகாராஜா பிரதாப் சிங்கின் அதிகாரம் பறிக்கப்பட்டதை 1890இல் சபையில் எழுப்பியவரும் அவர்தான்.

1889 கடைசியில் சிறுநீரக நோயில் சாவின் விளிம்புவரை போய்த் தேறி, கடல் பயணமாகப் பம்பாய் வந்தார். வில்லியம் வெட்டர்பர்ன் தலைமையில் காங்கிரசின் ஐந்தாவது மாநாடு. 1889இல் நடந்த அந்த மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளும் 1,889 பேர். அவருக்காகவே அவ்வளவு கூட்டம் என்றார்கள். மக்களுக்காக உழைக்காமல் வேறு யாருக்காக உழைப்பேன், மக்களிடம் பிறந்தவன், மக்களால் நம்பப்பட்டவன், மக்களில் ஒருவனாகவே சாவேன் என்ற பொருளில் அங்கே பேசினார். ஊர் திரும்பியதும் சொன்ன வாக்குப்படி, சட்டசபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர்கள் இடம்பெற வேண்டும் என்ற மசோதாவை 1890இல் தாக்கல் செய்தார். அது நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. 1892இல் வந்த இந்தியக் கவுன்சில் சட்டம் அவர் கேட்டதைவிட மிகக் குறைவானது, ஆனால் கதவு கொஞ்சம் திறந்தது. லாகூரில் அவர் பெயரில் ஒரு மண்டபம் 1900இல் திறக்கப்பட்டது. பகத் சிங் படித்த தேசியக் கல்லூரி பின்னாளில் அங்கேதான் நடந்தது.

1891 ஜனவரி 27. டாக்டர் ஹன்ட்டர் என்ற உறுப்பினர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 1880 ஜூன் 22 அன்று பிராட்லாவைத் தடுத்துப் போட்ட தீர்மானத்தைச் சபையின் குறிப்பேட்டிலிருந்து நீக்க வேண்டும். பல வருடமாக அவர் தானே கேட்டுவந்ததுதான். அன்று கன்சர்வேட்டிவ் அரசு. ஆனாலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. செய்தியை அவரிடம் சொல்ல முடியவில்லை. நினைவிழந்து படுத்திருந்தார். 30ஆம் தேதி உயிர் பிரிந்தது, வயது 57. வழக்குச் செலவுகள் வைத்த கடன் அப்போதும் தீரவில்லை. சாகும்போது மனம் மாறிவிட்டார் என்று யாராவது கதை கட்டுவார்கள் என்று தெரிந்திருந்த மகள் ஹைப்பேஷியா, கடைசி நாட்களில் கூட இருந்தவர்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்.

முடிந்த அளவு குறைந்த செலவில் என்னைப் புதைக்க வேண்டும், யாரும் பேசக் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். பிப்ரவரி 3 அன்று வோக்கிங் அருகே புரூக்வுட் கல்லறையில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, ஒரு சொல்கூடப் பேசப்படாமல் அடக்கம் நடந்தது. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது காந்தி அங்கே இருந்தார். லண்டனில் வசித்த இந்தியர் எல்லோருமே போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். சில பாதிரியார்களும் மரியாதை செலுத்த வந்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு நாத்திகர் அந்தப் பாதிரியார்களில் ஒருவரை மடக்கினார். கடவுள் இருக்கிறார் என்கிறீர்களே, பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்று தெரியும், உங்கள் கடவுள் எவ்வளவு பெரியவர், எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறார் என்றார் பாதிரியார் மெல்லிய குரலில். என்னைக் குழந்தை என்று நினைத்தீர்களா என்று வெற்றிப் பெருமிதத்தோடு சுற்றிலும் பார்த்தார் கேட்டவர். பாதிரியார் பணிவாக மௌனமாகிவிட்டார். இந்த உரையாடல் நாத்திகத்தின்மேல் தனக்கிருந்த விலகலை இன்னும் அதிகமாக்கியது என்று காந்தி சொல்கிறார். ஆகவே, காந்தி போனது பிராட்லாவின் நாத்திகத்துக்காக அல்ல. பம்பாய்க்கு வந்து வாக்குக் கொடுத்து, அதைச் சபையில் போய்க் காப்பாற்ற முயன்ற மனிதருக்காக, லண்டனில் இருந்த மற்ற இந்தியர்களைப் போலவே அவரும் ரயில் ஏறிப் போனார்.